முனை பொருந்திவிட்டால் வேலை முடிந்ததா?

என் மேசையின் கடைசி இழுப்பறையில் அடாப்டர்களைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவு நிரம்பிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தால், உங்கள் வீட்டு இழுப்பறைகளும் அதே கதிதான் போலிருக்கிறது. பாதிக்குமேல் ஒரே ரகக் கேள்வி: பழைய சாதனம் நன்றாக இருக்கிறது, புதுக் கணினியில் செருக இடமில்லை, அடாப்டர் வாங்கினேன், பொருந்துகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. அதனால் இந்த இதழை முழுக்க அடாப்டருக்கே ஒதுக்கிவிட்டேன். வைரஸ் பற்றியும் செல்போன் பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே அடிக்கடி வரப்போகிற ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே வெறும் கம்பி மட்டும் ஓடும் அடாப்டரை நான் ‘ஊமை அடாப்டர்’ என்பேன். முனையின் வடிவத்தை மாற்றும், அதோடு சரி. உள்ளே சிப் வைத்து, ஒரு பக்கத்துப் பேச்சை மறுபக்கத்துக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது கன்வெர்ட்டர். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். வம்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கீபோர்டில்தான் தட்டுகிறேன். ஊதா நிற வட்ட முனை. புதுக் கணினியில் அந்தத் துளை இல்லை. வட்ட முனையை யுஎஸ்பி ஆக்கும் சின்ன அடாப்டரை வாங்கிப் போட்டேன். விளக்குகள் ஒரு தடவை மின்னின, அப்புறம் ஒன்றுமே இல்லை. கீபோர்டு போய்விட்டதா சார்? (மொழிபெயர்ப்புப் பணி செய்யும் வாசகர்)

பதில்: கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. விளக்குகள் மின்னியதே அதற்குச் சாட்சி. 5 வோல்ட் கிடைத்தவுடன் கீபோர்டு தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொண்டு மூன்று விளக்குகளையும் ஏற்றி அணைக்கும். ஆக, மின்சாரம் போயிருக்கிறது. பேச்சுதான் போகவில்லை.

அந்த வட்ட முனைக்குப் பெயர் பிஎஸ்/2. 1987-இல் ஐபிஎம் அதே பெயரில் கொண்டுவந்த கணினிகளோடு வந்தது. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு என்ற நிற ஏற்பாடெல்லாம் அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. பிஎஸ்/2 கீபோர்டு, நீங்கள் விசையை அழுத்தியதும் தானாகவே கணினியின் தோளைத் தட்டிச் சொல்லும். யுஎஸ்பி கீபோர்டு அப்படியில்லை. கணினி நொடிக்குப் பல தடவை ‘ஏதாவது உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்டால்தான் அது வாய் திறக்கும். இரண்டு பழக்கமும் வேறு. நடுவில் கம்பி மட்டும் போட்டால் எப்படி ஒத்துவரும்?

‘என் பழைய மவுஸ் இதே அடாப்டரில் ஓடியதே’ என்று சிலர் கேட்பார்கள். ஓடியிருக்கும். யுஎஸ்பி புதிதாக வந்த காலத்தில், இரண்டு மொழியும் தெரிந்த மவுசையும் கீபோர்டையும் செய்து, பெட்டிக்குள்ளேயே ஒரு ஊமை அடாப்டரையும் போட்டுக் கொடுத்தார்கள். திறமை மவுசுக்குள் இருந்தது, பெயர் அடாப்டருக்குப் போனது. உங்கள் கீபோர்டுக்கு ஒரு மொழிதான் தெரியும்.

நீங்கள் வாங்க வேண்டியது, ஒரு யுஎஸ்பி முனையும் இரண்டு வால்களும் உள்ள கன்வெர்ட்டர். ஒரு வால் ஊதா, ஒரு வால் பச்சை. இரண்டு வால் இருந்தால் உள்ளே பெரும்பாலும் சிப் இருக்கும். ஐபிஎம்மின் மாடல் எம் போன்ற பழைய ஸ்பிரிங் கீபோர்டு என்றால் அது மின்சாரம் கொஞ்சம் அதிகம் கேட்கும், சில கன்வெர்ட்டர்கள் அதற்குத் திணறும். வேறொன்றை மாற்றிப் பாருங்கள், கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள்.

பிஎஸ்/2-க்கும் முந்தைய, கட்டைவிரல் பருமன் உள்ள ஐந்து பின் வட்ட முனை இருந்தால்? அதை பிஎஸ்/2 ஆக்க ஊமை அடாப்டரே போதும். இரண்டும் ஒரே மொழிதான் பேசுகின்றன, வடிவம் மட்டும்தான் மாறியது. அதற்கும் முந்தைய எக்ஸ்டி (ஐபிஎம்மின் ஆரம்பகாலக் கணினி) காலத்துக் கீபோர்டு மட்டும் வேறு மொழி, அதற்கென்றே செய்த கன்வெர்ட்டர் வேண்டும்.

கேள்வி: எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பழைய மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. பின்னால் ஒன்பது பின் போர்ட். எடையை நேராகக் கணினியில் ஏற்றுவதற்காக யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கினோம். கணினி அதைக் கண்டுகொள்கிறது, எடை மட்டும் வருவதே இல்லை. கேபிளா, தராசா, மென்பொருளா, எது குற்றவாளி? (ஆய்வக உதவியாளர்)

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம், மூன்று பேர் மீதும் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் நேராகத் தராசைத் திறந்துவிடுவார்கள்.

முதலில் கேபிளை மட்டும் தனியாக விசாரிப்போம். தராசிலிருந்து கழற்றிவிட்டு, கணினியில் மட்டும் செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்கள் என்ற தலைப்பின் கீழ் காம் 3, காம் 7 என்று ஏதோ ஒரு எண்ணோடு அது தெரிய வேண்டும். மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோட் 10’ என்று வந்தால், கேபிளுக்குள் இருக்கும் சிப்பை அந்த டிரைவர் ஏற்க மறுக்கிறது என்று அர்த்தம். சிப் மிகப் பழையதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். போலிச் சிப் சண்டை பெரிய கதை. 2014-இல், இந்தச் சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிட்டது. நேற்றுவரை ஓடிய கேபிள் இன்று கணினிக்கு யாரென்றே தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

காம் எண் தெரிகிறதா? நல்லது. இப்போது கேபிளின் ஒன்பது பின் முனையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். பின்கள் நிற்கும் பிளாஸ்டிக்கில், ஒவ்வொன்றின் அருகிலும் கடுகளவில் எண் பொறித்திருக்கும். ஐந்து பின் உள்ள வரிசையில் 2, 3 என்ற இரண்டைக் கண்டுபிடியுங்கள். ஒன்றில் தரவு வெளியே போகும், இன்னொன்றில் உள்ளே வரும். தோல் உரித்த மெல்லிய செப்புக் கம்பியை அந்த இரண்டையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றுங்கள். பக்கத்துப் பின்னில் படக்கூடாது. பிறகு புட்டி போன்ற ஒரு டெர்மினல் மென்பொருளில் அந்தக் காம் எண்ணைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோல் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று வைத்துவிட்டு, ஏதாவது எழுத்தைத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிந்தால், அது கேபிள் வழியாக வெளியே போய், கம்பியில் திரும்பி, உள்ளே வந்திருக்கிறது. கம்பியை எடுங்கள். இப்போது தட்டினால் எதுவும் தெரியக்கூடாது. இந்த இரண்டும் நடந்தால் கேபிள் நிரபராதி. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு வாரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து பேச்சு வேகம். தராசின் கையேட்டில் நான்கு விவரங்கள் இருக்கும்: வேகம், டேட்டா பிட், பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் பிட்), ஸ்டாப் பிட். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு 9600, 8, பாரிட்டி இல்லை, 1 என்று வைத்துவிடுவார்கள். அது பல சாதனங்களுக்குச் சரி. ஆனால் தராசுகளில் 2400 வேகம், 7 பிட், ஈவன் பாரிட்டி என்று வருபவையும் உண்டு. இங்கே ஒரு துப்பு: திரையில் ஏதாவது குப்பை எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பி சரியாக இருக்கிறது, வேகமோ பாரிட்டியோதான் தவறு. ஒன்றுமே வராவிட்டால்தான் கம்பியைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் 3-ஆம் பின்னிலேயே பேசினால் யார் காதிலும் விழாது. அப்போது 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிவிடும் நல்-மோடம் அடாப்டர் தேவை. அது ஊமைதான், ஆனால் உபயோகமுள்ள ஊமை. இன்னொன்று, தராசில் ‘பிரின்ட்’ பொத்தானை அழுத்தினால்தான் பல தராசுகள் எண்ணை அனுப்பும். அழுத்திப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் கேட்கிறேன்.

டெர்மினலில் எடை வந்து, உங்கள் மென்பொருளில் மட்டும் வராவிட்டால் எண்ணைப் பாருங்கள். பழைய மென்பொருள்கள் பலவற்றுக்குக் காம் 1 முதல் 4 வரைதான் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கேபிளுக்குக் காம் 11 கிடைத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய்க் காம் 2 என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். யுஎஸ்பி-சீரியல் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. உங்களுடையது ஆர்எஸ்-232. 1960-இல் பிறந்த தரநிலை. அனுப்பும் முனையில் பிளஸ் 5 முதல் 15 வோல்ட் வரை, மைனஸிலும் அதே அளவு ஊசலாடும். இன்னொன்று, வரிசையாக நான்கைந்து பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பலகை. அது 3.3 அல்லது 5 வோல்ட்டிலேயே பேசும், மைனஸ் பக்கமே போகாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனைகூட இல்லை. ஒரு இரவு அவசரத்தில் பழைய மோடம் ஒன்றின் ஆர்எஸ்-232 கம்பியை நேராக ஒரு 3.3 வோல்ட் பலகையில் கொடுத்துவிட்டேன். சத்தம் எதுவும் இல்லை. கொஞ்சம் நேரத்தில் ஒரு கருகிய வாசனை, சிப்பின் முதுகில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னதாக ஒரு கொப்புளம். பலகையை இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்பது பின் முனை ஒன்பது பின் முனையோடு சேரும்வரை உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று ஒரே கேபிளாக வாங்கினேன். ‘சிக்னல் இல்லை’ என்றே வருகிறது. (கல்லூரி மாணவி)

பதில்: அந்தக் கேபிளின் இரண்டு தலைகளும் சாதாரண அளவில் இருந்தால், உள்ளே சிப்புக்கு இடமே இல்லை. விஜிஏ 1987-இல் வந்தது. ஒவ்வொரு நிறத்தின் அளவையும் மின்னழுத்தமாக, ஏறி இறங்கும் அலையாக அனுப்பும். 2002 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்ஐ எண்களாக அனுப்பும். எண்ணை அலையாக்க ஒரு ஆள் வேண்டும்.

வாங்கும்போது திசையைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐ உள்ளே, விஜிஏ வெளியே. பழைய கணினியைப் புது டிவியில் மாட்டுபவருக்கு இதன் நேரெதிர் வேண்டும். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. வீட்டுக்கு வந்தபின் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒலி விஜிஏ வழியாகப் போகாது என்பதால், 3.5 மிமீ துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படம் வந்தபிறகு எழுத்து மங்கலாக இருந்தால் மானிட்டரில் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்துங்கள், கணினியில் மானிட்டரின் சொந்த அளவை வையுங்கள் (சதுரமான பழைய மானிட்டர்களில் பெரும்பாலும் 1280×1024). அந்த அளவு பட்டியலிலேயே இல்லையா? விஜிஏ கேபிளைச் சந்தேகியுங்கள். மானிட்டர் தன் அளவுகளைச் சொல்வது 12, 15 ஆகிய பின்கள் வழியாக. மட்டமான கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருக்காது. நடு வரிசையில் 9-ஆம் பின் இல்லை என்று பதறாதீர்கள், அது பல கேபிள்களில் பிறவியிலேயே கிடையாது.

கேள்வி: போன இதழில் ‘சி-டைப் போர்ட் இருந்தால் எச்டிஎம்ஐ அடாப்டர் போட்டு மானிட்டரை இணைக்கலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். நம்பி வாங்கினேன். என் லேப்டாப்பில் வேலை செய்யவில்லை. (கோபமாக எழுதிய வாசகர்)

பதில்: தவறு என்னுடையது. ‘சில சி-டைப் போர்ட்களில்’ என்று எழுதியிருக்க வேண்டும். சி-டைப் என்பது 2014-இல் வந்த முனையின் வடிவம் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் வெறும் யுஎஸ்பி 2.0-ஐ வைக்கலாம், சார்ஜிங்கை வைக்கலாம், டிஸ்பிளேபோர்ட் வீடியோவையும் வைக்கலாம். உங்கள் அடாப்டர் அந்த டிஸ்பிளேபோர்ட் சிக்னலை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் அனுப்பாவிட்டால் அது எங்கே போகும்? போர்ட்டின் பக்கத்தில் டிபி அடையாளமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் வீடியோ வரும். அடையாளமே இல்லை என்றால் லேப்டாப்பின் விவரப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். சாதா எச்டிஎம்ஐ துளை உங்கள் லேப்டாப்பில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். இரண்டையும் விட மனமில்லை. பிரின்டருக்கு யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கிவிட்டேன். விண்டோஸிலிருந்து சோதனைப் பக்கம் அழகாக அச்சாகிறது. கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு வரி வரவில்லை. (ஓய்வுக்குப் பிறகும் கணக்கு எழுதுபவர்)

பதில்: ஐயா, மனமில்லாததில் தவறே இல்லை. கார்பன் வைத்து மூன்று பிரதி ஒரே அடியில் எடுக்க அந்தப் பிரின்டரை விட்டால் வேறு வழியில்லை.

அந்தக் கேபிளின் பிரின்டர் பக்கத்து முனையைப் பாருங்கள். அகலமானது, 36 தொடுமுனைகள், இரண்டு பக்கமும் கம்பி வளையம் மடங்கி வந்து கவ்விக்கொள்ளும். அந்தப் பக்கம் அசல் பேரலல்தான். ஆனால் கணினி பக்கம் அது ‘நான் ஒரு பேரலல் போர்ட்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘நான் ஒரு யுஎஸ்பி பிரின்டர்’ என்றுதான் சொல்கிறது. விண்டோஸ் அதற்கு யுஎஸ்பி001 என்று ஒரு போர்ட்டைக் கொடுக்கும். உங்கள் கணக்கு மென்பொருளுக்குத் தெரிந்ததோ எல்பிடி1 (பேரலல் போர்ட்டின் டாஸ் பெயர்) ஒன்றுதான். அது எல்பிடி1-இன் கதவைத் தட்டுகிறது, அந்த வீட்டில் ஆளே இல்லை.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பிரின்டரை விண்டோஸில் ‘ஷேர்’ செய்து, இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்று கொடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுப் பெயரோடு கட்டிவிடுங்கள். கணினிப் பெயர், பிரின்டர் பெயர் இரண்டையும் பின்சாய்வுக் கோட்டோடு தர வேண்டும். கடைசியில் ‘பெர்சிஸ்டன்ட்: யெஸ்’ என்று சேர்த்தால் மறுநாளும் நினைவில் இருக்கும். அதன்பின் மென்பொருள் எல்பிடி1-க்கு அனுப்புவதை விண்டோஸ் வாங்கி, யுஎஸ்பி பிரின்டருக்குக் கொடுத்துவிடும். மென்பொருளுக்கு விஷயமே தெரியாது. வேறு ஊருக்குப் போனவரின் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவது மாதிரி.

உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று எழுதவில்லை. மென்பொருள் நேரடியாக ஓடுகிறது என்றால் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் மென்பொருளைத் தொடவே தொடாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆகவே அடுத்த தடவை கணினியை மாற்றும்போது சிக்கல் பிரின்டரில் வராது, மென்பொருளில் வரும். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற எமுலேட்டரில் (பழைய கணினி மாதிரி நடிக்கும் மென்பொருள்) அதை ஓட்டி, அச்சுக்கும் வழி செய்யலாம். இப்போதைய கணினி நன்றாக ஓடும்போதே அதைப் பழகிவைத்துக்கொள்ளுங்கள்.

இதே கேபிளை வாங்கி, பேரலல் போர்ட்டில் மாட்டும் மென்பொருள் பூட்டையும் சிப் புரோகிராமரையும் ஓட்டப் பார்த்த இருவர் எழுதியிருக்கிறார்கள். நடக்காது. அவை பின்களை நேரடியாக ஆட்டிப் பார்க்கும் ரகம். இந்தக் கேபிளுக்குப் பிரின்டரைத் தவிர யாரையும் தெரியாது. மேசைக் கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போடுங்கள், அது உண்மையான போர்ட். லேப்டாப் என்றால் ஒரு பழைய கணினியை அந்த ஒரு வேலைக்கென்றே வைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: எங்கள் கல்யாண வீடியோ மினிடிவி கேசட்டில் இருக்கிறது. கேமரா இன்னும் ஓடுகிறது. கேமராவின் ஃபயர்வயர் முனையை யுஎஸ்பி ஆக்கும் சின்ன அடாப்டர் கண்ணில் பட்டது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஊமை அடாப்டர்களிலேயே மோசமான ஊமை. ஃபயர்வயரில் கேமராவும் கணினியும் சரிசமமான ஆட்கள், யுஎஸ்பி-யில் கணினி முதலாளி. கேமரா, டேப் ஓடும் வேகத்தில் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை வாங்கிக்கொள்ள அந்தச் சின்ன முனைக்குள் யாரும் இல்லை. ஆபத்தும் உண்டு. ஃபயர்வயரின் ஆறு பின் போர்ட்டில் 30 வோல்ட்வரை மின்சாரம் இருக்கலாம், யுஎஸ்பி 5 வோல்ட்டுக்குப் பழகியது. தப்பான பக்கம் தப்பான கம்பி பட்டால் கேமராவின் போர்ட் போய்விடும். அந்தக் கேமராவுக்கு இன்னொன்று எங்கே தேடுவீர்கள்?

மேசைக் கணினி இருந்தால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தலாம். மேக் என்றால், அதன் இயங்குதளம் இன்னும் ஃபயர்வயரை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, தண்டர்போல்ட் 3-லிருந்து தண்டர்போல்ட் 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800, அதிலிருந்து கேமராவின் நாலு பின் முனை என்று சங்கிலி கட்டலாம். ரயில் பெட்டி மாதிரி நீளும், ஆனால் ஓடும். ஏனென்றால் தண்டர்போல்ட் அடாப்டருக்குள் உண்மையான ஃபயர்வயர் சிப் இருக்கிறது. என்னைக் கேட்டால், நாலு பின் துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்றை யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்குவதுதான் சுலபம்.

ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும். கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஒட்டிக்கொண்ட டேப் சற்றுத் தளரும்.

கேள்வி: பழைய கணினியிலிருந்து கழற்றிய ஐடிஇ ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி அடாப்டர் போட்டால் டிஸ்க் சுற்றவே இல்லை.

பதில்: மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். யுஎஸ்பி-யில் அது கிடைக்காது. அடாப்டரோடு தனி பவர் சப்ளை வந்திருக்கும், நாலு பின் வெள்ளை முனை. பெட்டியின் அடியில் தேடுங்கள். டிஸ்க்கின் பின்பக்கப் பின்களில் மாட்டும் சின்னப் பிளாஸ்டிக் மூடியான ஜம்பரை ‘மாஸ்டர்’ என்ற இடத்தில் வையுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் 44 பின், மின்சாரமும் அதிலேயே வரும். ஆனால் அதன் பக்கத்தில் சிறு இடைவெளி விட்டு இன்னும் நாலு பின் நிற்கும், அவை ஜம்பருக்கு. அதையும் சேர்த்து அமுக்கி ஒரு வரிசை தள்ளிச் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிஸ்க் சுற்றி, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பதற்றத்தில் சம்மதம் சொல்லிவிட்டு எனக்கு எழுதியவர்கள் நிறைய.

கேள்வி: என் பழைய ஸ்கேனருக்கு எந்த அடாப்டர் வாங்குவது? யுஎஸ்பி முனைதான், புதுக் கணினியிலும் பொருந்துகிறது, ஆனால் டிரைவர் இல்லை என்கிறது.

பதில்: எந்த அடாப்டரும் வேண்டாம். நிறுவனம் 64 பிட் டிரைவர் எழுதாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். வியூஸ்கேன் என்ற மென்பொருள் தன் சொந்த டிரைவரோடு ஏராளமான பழைய ஸ்கேனர்களை ஓட்டுகிறது, சோதனைப் பதிப்பில் உங்கள் மாடல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். லினக்ஸ் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதில் சேன் இருக்கிறது, இலவசம். அதற்குமுன் ஸ்கேனரைக் கவிழ்த்து, அடியில் பூட்டுக் குறி போட்ட திருகு இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துப் போகும்போது விளக்கு ஆடாமல் இருக்கப் போடும் பூட்டு. வீடு மாறியபோது பூட்டியது இன்னும் பூட்டியே இருக்கலாம்.

கேள்வி: சிந்தசைசருக்கு யுஎஸ்பி-மிடி கேபிள் வாங்கினேன். ‘இன்’ என்று எழுதிய முனையை ‘இன்’ துளையிலும் ‘அவுட்’டை ‘அவுட்’டிலும் செருகினேன். நிசப்தம்.

பதில்: மாற்றிச் செருகுங்கள். பெரும்பாலான கேபிள்களில் அந்த எழுத்து கணினியின் பார்வையில் எழுதியது: கணினிக்கு ‘உள்ளே’ வருவது கருவியிலிருந்து ‘வெளியே’ வர வேண்டும். பழுதான கேபிள் என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இப்படிச் செருகப்பட்டவை எத்தனையோ.

அப்புறம், நிசப்தம் போய் ஒலி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1983-இல் வந்த மிடி, நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ‘இந்த விசை, இவ்வளவு அழுத்தம்’ என்ற சேதியைத்தான் அனுப்பும். ஒலியை உண்டாக்கக் கணினியில் மென்பொருள் வேண்டும். ஸ்வரம் ஒழுங்காக வந்து, கருவியின் ஒலி அமைப்புகளை மொத்தமாகச் சேமிக்கும்போது மட்டும் பாதியில் அறுந்தால், மட்டமான சிப். வேறு கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் எல்லா ஃபிளாப்பியும் படிக்குமா?

பதில்: 1.44 எம்பி ஃபிளாப்பி படிக்கும். 720 கேபி பெரும்பாலும் படிக்கும். ஐந்தேகால் அங்குலத்துக்கு அசல் டிரைவும் கிரீஸ்வீசல் போன்ற தனிப் பலகையும் தேவை.

கேள்வி: பெட்டியில் ஒன்றிரண்டு பச்சை நிறப் பிஎஸ்/2 அடாப்டர்கள் கிடக்கின்றன. எறிந்துவிடலாமா, இல்லை உங்களுக்கு அனுப்பட்டுமா? (நல்ல மனசுக்காரர்)

பதில்: எறிய வேண்டாம். ஆனால் அந்த அடாப்டர் எந்த மவுசோடு வந்ததோ அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், தனியாக வைத்தால் அதற்கு மதிப்பில்லை. எனக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இதை எழுதுவதற்காக இழுப்பறையைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன், என்னிடமே பதினொன்று இருக்கின்றன. மவுஸ் ஒன்றுகூட இல்லை.